எனக்குத் தெரிந்த வரை

அறையில் இருந்தவர்கள்: மேனேஜர், ஹெச்.ஆர். அம்மா, எங்கள் டீம் லீடர், என் மனைவியின் தம்பி, நான். ஷிப்ட் முடிந்து விடிந்திருந்தது. ஹெச்.ஆர். அம்மாவைத் தவிர எவரும் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

வாஷிங் மெஷின் வாங்கியவர்களின் புகார்களுக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பதில் சொல்லும் அலுவலகம் அது. முந்தின இரவு என் பெயரிலிருந்து ஒரு பெண்மணிக்கு, உனக்கெல்லாம் எதற்கு மெஷின், ஆற்றுக்குப் போ என்று ஒரு பதில் போயிருந்தது.

அடித்தது மச்சினன். நான் கழிவறைக்குப் போயிருந்தேன். சீட் காலியாக இருந்தால் திரையில் சிவப்பு விழும், டீமுக்கே மதிப்பெண் குறையும். அதனால் ஒருவர் எழுந்தால் பக்கத்து சீட்காரர் நாற்காலியோடு நகர்ந்து வந்து, அவர் பெயரிலேயே பதில் அடிப்பார். இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்ததே டீம் லீடர்தான். நான் திரும்பியபோது மச்சினன் சிரித்தான். "ஒரு அம்மாவுக்கு நல்லா குடுத்தேன் மாமா."

அவனை அங்கே சேர்த்துவிட்டது நான். ஆங்கிலத்தைப் படித்தால் புரியும், எழுதச் சொன்னால் முழிப்பான். சமையலறையில் உட்காரவைத்து முதலில் சொல்லிக்கொடுத்தது 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ'.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்னு அர்த்தம். உறுதியா தெரியாத எதுக்கும் முன்னாடி இதைப் போட்டுக்கோ. பதில் சொன்ன மாதிரியும் இருக்கும், நாளைக்கு எவனும் உன் சட்டையைப் பிடிக்க மாட்டான்."

பிடித்துக்கொண்டான். ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ, த ஷாப் இஸ் ஓபன். ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ, ஷி இஸ் அட் ஹோம். அக்கா நீட்டிய டம்ளரை எட்டிப் பார்த்து, "ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ, திஸ் இஸ் டீ," என்றான்.

"கொழுப்பைப் பாரு!" அவள் கரண்டியை ஓங்கினாள்.

இப்போது மேனேஜர் அவனிடம் கேட்டார். "அந்த நேரத்துல இவர் சீட்ல யார் இருந்தா?"

நான் உள்ளதைச் சொல்லி முடித்திருந்தேன். ஒருவருக்கு வேலை போகும். யாருக்கு என்பதுதான் பாக்கி. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவனும் அங்கேதான் சாப்பிடுகிறான்.

கழுத்தைச் சொறிந்தான். "ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ, ஹி வாஸ் இன் ஹிஸ் சீட்."

ஒரு பிழை இல்லை.

"டேய், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் மாமா."

"வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்குங்க," என்றார் ஹெச்.ஆர். அம்மா.

டீம் லீடரிடம் திரும்பினேன். "சார், நாம சீட் பார்த்துக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "அப்படி ஒரு பழக்கமே நம்ம டீம்ல இல்லையேப்பா."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நேராகப் பொய் சொன்னார். தெரியாதவன் தப்பிக்க நான் கொடுத்த வாக்கியத்துக்குள், எல்லாம் தெரிந்தவன் போய் உட்கார்ந்துகொண்டதுதான் தாங்கவில்லை.

"இன்னையோட முடிச்சுக்கலாம்," என்று மேனேஜர் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அட்டை இல்லாமல் அங்கே எந்தக் கதவும் திறக்காது. வேலை போனவரை டீமில் ஒருவர் வாசல்வரை கூட்டிப்போக வேண்டும். மச்சினனைக் கைகாட்டினார். "உங்க மாமாதானே, விட்டுட்டு வாங்க."

வாசலில் அவன் வாயைத் திறந்தான். "பயந்துட்டேன் மாமா. நான் புதுசு, எனக்கு வெளிய எவன் வேலை குடுப்பான்? உங்களுக்குன்னா கிடைச்சிடும். அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

"இனிமே சாப்பாட்டுக்கு வீட்டுப் பக்கம் வராத."

"அது அக்கா வீடு மாமா."

அவன் தன் அட்டையைக் காட்டினான். கதவு திறந்தது, வெளியே வந்தேன். முதல் படியில் கால் வைப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது, பூட்டு விழுந்தது.