பாலித்தீன் கவரில் வந்த இறால்

எங்கள் பழவேற்காடு ஏரியில் நினைத்த நாளில் வலை போட முடியாது. எந்தக் குழு எந்த நாளில் எங்கே வலை விடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். மீனவர் வீட்டுப் பெண்ணான எனக்கு இது தெரியும். ஆனால் ரீல் எடுத்த அன்று, என் முகம் எந்தப் பக்கத்திலிருந்து நன்றாக விழும் என்பது மட்டுமே நினைவில் இருந்தது.

நைனாவின் படகில் நின்று இரண்டு கையிலும் இறாலை அள்ளிக் காட்டி, ‘நானும் நைனாவும் இன்னிக்குப் புடிச்சது’ என்று போட்டேன். பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். பொன்னேரியில் என் கல்லூரி வகுப்பே என்னை ‘ஏரி ராணி’ என்றது. கழிவறைக் கண்ணாடி முன் நின்று நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ரீல் எடுத்த அந்த ஞாயிறு சந்திரமோகன் மாமா குழுவின் பாடு. என்னோடு படிக்கும் அவர் மகன் லோகு, ரீலை அவரிடம் காட்டிவிட்டான். அடுத்தவர் பாடு நாளில் வலை போட்டால் ஒரு மாதம் ஏரியில் இறங்கக்கூடாது. மறுநாள் காலையில் ஊர்க்கூட்டம் என்று ஆள் வந்து சொல்லிப் போனார். வலையே போடவில்லை என்றார் நைனா. இறால் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

ஏனென்று எனக்குத் தெரியும். அந்த இறால் ரீலுக்காக நைனா மார்க்கெட்டில் வாங்கியது. வலைக்காரன் காசு கொடுத்து இறால் வாங்கினான் என்றால் ஊர் சிரிக்கும்.

வெட்டாத முழு வீடியோ என் போனில் இருந்தது. ஆறு நிமிடம். அதில் ஃபில்டர் இல்லை; பரு தெரிகிறது, வியர்வை வழிகிறது. அழித்துவிட விரல் இரண்டு முறை போனது. நடு இரவில் எழுந்து பார்த்தால் நைனாவும் தூங்கவில்லை.

“நைனா, எனக்கு பயமா கீது. முழு வீடியோவ நாளைக்குக் காட்டிடட்டா?”

“நம்ம ரெண்டு பேரு மானமும் பூடும்மே.”

“பாடு பூட்டா?”

நைனா எழுந்து உட்கார்ந்தார். “சரி, காட்டு. நான் திட்ற எடத்துல மட்டும் சத்தத்தக் கொறச்சிடு.”

காலையில் கூட்டத்தில் போன் கைக்குக் கை போனது. படகில் ஒரு முழ வலைகூட இல்லை. நைனா பாலித்தீன் கவரை அவிழ்த்து என் கையில் இறாலைக் கொட்டுகிறார். எத்தனை முறைதான் எடுப்பாய், இறால் நாறுகிறது என்று திட்டுகிறார். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். முதலில் சிரித்தவர் சந்திரமோகன் மாமாதான்.

“இன்னாபா துலுக்காணம், கேட்டிருந்தா நானே ரெண்டு கிலோ குட்த்திருப்பேனே.”

நைனாவும் சிரித்துவிட்டார். தண்டனை இல்லை, வரும் வியாழக்கிழமை எங்கள் குழுவின் பாடு எங்களுக்கே என்று முடிவானது.

லோகு வீடியோவை வாங்கி வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பயந்து பயந்து திறந்தேன். ‘இறால் ராணி’ என்று பெயர் மாறியிருந்தது. முழுவதையும் இன்னொரு முறை பார்த்தேன். நைனா திட்டும்போது திரும்பிப் பார்க்கிறேன் அல்லவா, அந்த இடத்தில் என் முகம் அவ்வளவு மோசமில்லை.