தலையில்லாத முனியாண்டி

1943 ஜூன் முதல் வாரத்தில், ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த மலாயாவின் கெடா மாநிலத்தில் மெர்போக் ஆற்றின் வடகரையிலிருந்த புக்கிட் நிபோங் தோட்டத்தில் அரிசிப் பங்கீடு பாதியாகக் குறைக்கப்பட்டது.

பால்மரம் வெட்டுவது அதற்கு முன்பே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. ஆற்றை ஒட்டிய மேட்டில் புல்லைச் சீவிவிட்டு மரவள்ளி நடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த மேட்டில் தொழிலாளி பிச்சையின் மண்வெட்டி கல்லில் பட்டது. சுற்றிலும் தோண்டிப் புரட்டினார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்த ஓர் உருவம். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. கங்காணி பழனியாண்டி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, முனியாண்டி என்றார்.

"தலையக் காணோமே, கங்காணியாரே," என்றான் முருகையா.

"தலை இருக்கிற சாமி இந்தத் தோட்டத்துல வந்து உட்காருமாடா?"

நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த அரசமரத்தடியில் வைத்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, யாரோ மிச்சம் வைத்திருந்த சுருட்டைக் கொளுத்திக் காலடியில் செருகினார்கள். அன்றிலிருந்து அங்கே வேண்டுதல்கள் தொடங்கின. எல்லாருடைய வேண்டுதலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏப்ரலில் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் சயாமுக்குப் போயிருந்தது. ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், கூலியும் சாப்பாடும் உண்டு என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் தகவல் வரவில்லை. ஜூனில் மறுபடி ஆள் கேட்டார்கள். யாரை அனுப்புவது என்பதைத் தோட்டமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றார்கள். கங்காணி ஒரு வழி கண்டுபிடித்தார்: பிள்ளை இல்லாதவர்கள் முதலில். பிச்சைக்கும் மருதம்மாளுக்கும் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை.

"செத்துப்போன புள்ளைங்களக் கணக்குல சேக்கக் கூடாதாண்ணே?" என்று மருதம்மாள் கங்காணியிடம் கேட்டாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலையை மென்றார்.

ஆற்று முகத்துவாரத்தில் பாக்காவ் எனும் அலையாத்திக் காடு அடர்ந்து கிடந்தது. ஏற்கெனவே சிலர் அதற்குள் ஓடிப்போய், நண்டும் மீனும் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். லாரி வருவதற்கு முன் தானும் அங்கே போய்விடுவது என்று பிச்சை முடிவு செய்திருந்தான். சம்பான் படகுக்காரர் ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தான்.

இந்தச் சமயத்தில்தான் ஒகுமுரா வந்தார்.

அவர் இராணுவச் சட்டை போட்டிருந்தார். ஆனால் தோளில் பதவிப் பட்டையில்லை. போருக்கு முன் ஜப்பானில் பௌத்த வரலாறு கற்பித்தவர். இப்போது பினாங்கில் ஓர் அலுவலகத்தில் இருந்தார். ஜாவாவில் உள்ள பழைய கோயில்களையெல்லாம் பார்த்துவிட்டார். ஜெராய் மலைச் சாரலிலும் மெர்போக் ஆற்றோரத்திலும் புதைந்து கிடக்கும் கோயில்களைப் பார்க்கச் சைக்கிளில் தனியாக வந்தார். யாரையும் அவர் அறையவில்லை. அந்த நாளில் இது தோட்டம் முழுக்கப் பேசப்பட்டது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அழகேசனை அவர் வழிகாட்டியாகக் கேட்டார். போருக்கு முன் வெள்ளைக்காரர்கள் அங்கே தோண்டிப் பார்த்தபோது அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அழகேசன். எந்த மேட்டில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சாமான் தூக்கப் பிச்சை சேர்ந்துகொண்டான். ஜப்பான்காரரோடு இருக்கும்வரை லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்பது மருதம்மாளின் யோசனை.

முதலில் மலைச் சாரலில் ஓடைக்கு மேலே இருந்த கருங்கல் தளத்துக்குப் போனார்கள். தூண் நிறுத்திய குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கி, தவளைக் குஞ்சுகள் நீந்தின. ஒகுமுரா நாடாவால் அளந்தார், படம் வரைந்தார். இது சிவன் கோயிலாக இருந்திருக்கும் என்று சொன்னார். அவருடைய மலாய் புத்தகத்தில் படித்த மலாய்; ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசினார். அழகேசன் அதைப் பிச்சைக்குத் தமிழில் சொன்னார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்கதான் கப்பல்ல வந்து இதையெல்லாம் கட்டுனாங்களாம்."

"எங்கப்பன் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனவரு. அவருக்குக் கொத்து வேலை தெரியாதுன்னு சொல்லிருங்க," என்றான் பிச்சை. "அப்புறம் இங்க ஏன் வேலை பாதியில நிக்குதுன்னு என்னையக் கேப்பாரு."

அழகேசன் அதை மொழிபெயர்க்கவில்லை. ஒகுமுரா பிச்சையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். தேங்கிய தண்ணீரைப் பிச்சை இறைத்தபோது அவரும் குனிந்து கையால் வாரி வெளியே விட்டார். கீழே இறங்கும் வழியில் அவர் நெடுநேரம் பேசிக்கொண்டே வந்தார். வணிகர்கள் பருவக்காற்றுக்காக இங்கே மாதக்கணக்கில் காத்திருந்ததையும், ஒரே ஆற்றங்கரையில் சிவனுக்கும் புத்தருக்கும் அடுத்தடுத்துக் கோயில் எழுப்பியதையும் சொன்னார். அரசர்கள் அழிந்தாலும் வழிபாடு அழிவதில்லை என்றார். பிச்சை அவருடைய சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் நடந்தான். அங்கே பாதை சைக்கிள் போகிற மாதிரி இல்லை.

மறுநாள் காலை ஒகுமுராவை அரசமரத்தடிக்கு அழைத்து வந்தார்கள். கங்காணி, மருதம்மாள், லயத்துப் பெண்கள் சிலர் தள்ளி நின்றார்கள். ஒகுமுரா கல்லின் மீதிருந்த மஞ்சளைக் கைக்குட்டையால் துடைத்தார். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள் தெரிந்தன. இடது தோளிலிருந்து இறங்கும் ஆடையின் மெல்லிய மடிப்பு தெரிந்தது. அவர் எழுந்து நின்றார். பூட்ஸைக் கழற்றினார். பிறகு சேற்றில் முழங்கால் போட்டு, நெற்றி தரையில் படும்படி விழுந்து வணங்கினார்.

தோட்டத்து மக்கள் அதுவரை ஜப்பான்காரர்களுக்கு முன்னால் குனிந்தவர்கள்.

"முனியாண்டிக்குச் சக்தி இருக்குலா," என்று பழனியாண்டி மெல்லச் சொன்னார்.

இதை யார் கண்டெடுத்தது என்று ஒகுமுரா கேட்டார். அழகேசன் பிச்சையைக் காட்டினார். அதுதான் சமயம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இந்த ஆளை இந்த வாரம் சயாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒகுமுரா சிறிது யோசித்தார். மேட்டில் இன்னும் பல சிலைகள் இருக்கலாம், காவலுக்கு ஆள் வேண்டும் என்றார். பிச்சையை இங்கேயே காவலுக்கு விடும்படி சுங்கைப் பட்டாணியில் ஆள் எடுக்கும் அதிகாரியிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அழகேசன் அதைத் தமிழில் சொன்னதும் மருதம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து லயத்தை நோக்கி ஓடினாள்.

ஒகுமுரா மரத்துக்கு மறுபக்கம் உட்கார்ந்து மேட்டின் அமைப்பை வரையத் தொடங்கினார். அழகேசன் அவருக்குத் தேநீர் ஏற்பாடு செய்ய ஆபீசுக்குப் போனார். அவர் அங்கே இருந்திருந்தால் அடுத்து நடந்ததைத் தடுத்திருப்பார். பௌத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்; புத்தர் முன்னால் உயிர்ப்பலி ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

மருதம்மாளிடம் ஒரு சேவல் இருந்தது. சிப்பாய்கள் தோட்டத்துக் கோழிகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போனபோது, அதன் அலகைத் துணியால் கட்டிக் கூவவிடாமல் தானியப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தாள். புருஷன் தோட்டத்திலேயே நின்றால் அதை அறுப்பதாக முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டியது கிடைத்த பிறகு கடனைத் தள்ளிப்போட்டால் சாமி கொடுத்ததைப் பறித்துக்கொள்ளும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வாக்குக் கொடுத்த ஜப்பான் துவான் கண் முன்னாலேயே செய்வது அவருக்கும் மரியாதை என்றார் பழனியாண்டி. அவரே பாராங் கத்தியைத் தீட்டினார்.

சேவலின் மீது தண்ணீர் தெளித்தார்கள். அது தலையைச் சிலுப்பியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பெண்கள் குலவையிட்டார்கள். சத்தம் கேட்டு ஒகுமுரா மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தபோது கங்காணி கழுத்தை அறுத்து, இரத்தத்தைச் சிலையின் கைகளுக்குள் வடித்துக்கொண்டிருந்தார். மருதம்மாள் ஒகுமுராவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தொரைக்குத் தொடைக் கறிய எடுத்து வைங்கண்ணே," என்றாள்.

ஒகுமுரா கத்தவில்லை. மறுபடி மாட்டியிருந்த பூட்ஸை இந்த முறை கழற்றவுமில்லை. பிறகு வாளியிலிருந்த தண்ணீரை எடுத்துச் சிலையின் மடியைக் கழுவினார். கல் சொரசொரப்பானது, இரத்தம் முழுவதும் போகவில்லை. உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அழகேசன் தேநீரோடு திரும்பி வந்தபோது அவர் சொன்னது இதுதான்: சிலையை இங்கே விட முடியாது. நாளைக் காலை சுங்கைப் பட்டாணி ரயிலடிக்குக் கொண்டுவர வண்டியும் தூக்குவதற்கு ஆட்களும் வேண்டும்.

"காவலுக்குப் பிச்சை, துவான்?"

"சிலை போன பிறகு காவல் எதற்கு?"

"மேட்டில் இன்னும் சிலைகள் இருக்கலாம் என்றீர்கள்."

"இருந்தால் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்," என்றார் ஒகுமுரா. "அங்கே பாதுகாப்பாக இருக்கும்."

அவர் தேநீரைக் குடிக்கவில்லை.

அன்று மாலை லயத்தில் பிச்சை துணியைச் சுருட்டிக் கட்டினான். சம்பான் இருட்டியதும் வருவதாக ஏற்பாடு. சேவல் கறி மண்சட்டியில் இருந்தது. இருவரும் தொடவில்லை.

"ஓடிப்போனா ஆயுசுக்கும் பாக்காவுக்குள்ளதான்," என்றாள் மருதம்மாள். "நேத்து வரைக்கும் ஒம்மேல பிரியமாத்தான இருந்தாரு அந்த மனுசன். சைக்கிளத் தூக்கிட்டு வந்தியே."

"அதுக்கு?"

"நாளைக்கு நீயும் சாமியத் தூக்கிட்டுப் போ. பதனமா எறக்கி வையி. கண்ணுல படு. கிராணியும் கூட வராரு, அவர விட்டு இன்னொரு தடவ கேக்கச் சொல்றேன். மனசு எறங்குவாரு."

"எறங்கலைன்னா?"

"தொரை கூடப் போறவன யாரு தொடுவா? எறங்கலைன்னா திரும்பி வந்து சம்பான் ஏறு. ஒரு நாளுதான."

பிச்சை வாசலுக்குப் போய் ஆற்றுப் பக்கம் பார்த்தான். பிறகு துணி மூட்டையை அவிழ்த்தான்.

"தோட்டத்துல ஒரு சேவல் உசுரோட இருந்துச்சு, அதையும் அறுத்தாச்சு," என்றான். "இனிமே விடிஞ்சது எப்புடித் தெரியும்?"

"வாய மூடிட்டுத் தின்னு," என்றாள் அவள்.

காலையில் மாட்டுவண்டி புறப்பட்டது. சிலையைக் கோணிச் சாக்கில் சுற்றி, வைக்கோல் பரப்பி வைத்தார்கள். பிச்சையும் முருகையாவும் இன்னும் இருவரும் வண்டியோடு நடந்தார்கள். ஒகுமுரா சைக்கிளில் முன்னால் போனார். சடக்குப் பாதையில் பள்ளம் வந்தபோதெல்லாம் பிச்சை சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். ஒகுமுரா ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அழகேசன் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

ரயிலடியில் ஒரு சரக்கு ரயில் நின்றது. பெட்டிகளுக்குள் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள்; பெரும்பாலும் தமிழர்கள், லூனாஸ், செர்டாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். இரவில் வழியில் சிலர் குதித்து ஓடிவிட்டதால் ஆள் குறைந்திருந்தது. ஜப்பானிய சார்ஜெண்ட் ஒருவர் பிளாட்பாரத்தில் கடுகடுத்த முகத்தோடு நடந்துகொண்டிருந்தார்.

நால்வரும் சிலையைச் சரக்குக் கொட்டகைக்குள் இறக்கினார்கள். ஒரு மூலையும் உடையவில்லை. வெளியே வந்ததும் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அவர்களை நிறுத்தினார்கள்.

அழகேசன் கொட்டகைக்குள் ஓடி ஒகுமுராவைக் கூட்டி வந்தார். ஒகுமுரா சார்ஜெண்டிடம் பேசினார். சார்ஜெண்ட் நால்வரையும் காட்டி ஏதோ கேட்டார். ஒகுமுரா ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்தினார். சிப்பாய்கள் நால்வரையும் பெட்டியை நோக்கித் தள்ளினார்கள்.

"என்ன கேட்டார், துவான்?" என்றார் அழகேசன்.

"இவர்கள் என் அலுவலகத்து ஆட்களா என்று."

"நீங்கள்?"

"இல்லை என்றேன். நான் பொய் சொல்வதில்லை."

பெட்டிக் கதவு மூடுவதற்கு முன் பிச்சை அழகேசனைப் பார்த்தான். "கிராணியாரே, அவகிட்ட நா சயாமுக்குப் போயிட்டேன்னு சொல்லாதீங்க. பாக்காவுக்கு ஓடிட்டேன்னு சொல்லுங்க," என்றான்.

ரயில் மத்தியானத்தில் வடக்கே புறப்பட்டது. வண்டி காலியாகத் திரும்பியது. மருதம்மாள் சடக்கு முனையில் நின்றுகொண்டிருந்தாள். அழகேசன் உள்ளதைச் சொன்னார். வண்டிக்காரரும் பார்த்திருந்தார், வேறு எதையும் சொல்ல வழியில்லை.

நால்வரில் முருகையா மட்டும் 1945 நவம்பரில் திரும்பி வந்தான். பிச்சை போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் முகாமில் காலரா கண்டு இறந்ததாகச் சொன்னான்.