கேட் திறந்திருந்த நாள்

சவ வண்டி தெருமுனைக்கு வந்தபோது இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. கிடங்கு மேனேஜர் ஓரமாக நின்று, "வாங்க, வாங்க, நேராப் போயிடலாம்" என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பட்டறைக்காரர் கண்ணாடி வழியாக அந்தக் கையைப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்துப்பா."

டிரைவர் திரும்பிப் பார்த்தான். "இங்கயா சார்?"

"இங்கதான்."

வண்டி கேட்டுக்கு முன்னால் நின்றது. பின்னால் நடந்து வந்த தெருக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பட்டறைக்காரர் கீழே இறங்கினார்.

முந்தாநாள் காலையில் இதே கேட் பூட்டியிருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது. ஆனால் அதன் வரைபடத்தில் இந்தத் தெரு இன்னும் பெரிய ரோட்டில் போய்ச் சேரும் தெருவாகவே இருந்தது. வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அலறியது. சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் போன் எடுக்கவில்லை என்றான் காவலாளி. பட்டறைக்காரரும் மகளும் அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து கேட் வரை தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் பையன்கள் ஆக்சிஜன் குழாயைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்கள். அது அவள் முகம் வரை எட்டவில்லை. நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்கள். அப்போதும் ஒரு கை அளவு குறைந்தது. சுற்றி வருகிறோம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ரயில்வே கேட் தாண்டி அவர்கள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

தெருவில் அவளுக்கு மனு அக்கா என்று பெயர். ஜெராக்ஸ் கடையில் வேலை. கிடங்குக்காரர்கள் இரண்டு பக்க மனையையும் வாங்கி, நடுவில் போன தெருவையும் சேர்த்து வளைத்துக் கேட் போட்ட நாளிலிருந்து, கடை முடிந்ததும் அவள் மனுவோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அதற்கு முன் அவள் எந்த அலுவலகத்தின் படியையும் மிதித்தவள் இல்லை. "இப்ப எந்த ஆபீசுல எந்த ஃபேன் ஓடாதுன்னுகூட எனக்குத் தெரியும்" என்று சிரிப்பாள். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டம் என்று கூப்பிட்டால் அவளும், மாடி வீட்டு நர்ஸும், அவள் கொண்டு போன பிஸ்கட் பாக்கெட்டும் மட்டும் இருப்பார்கள்.

பட்டறைக்காரர் கேட் போட்ட முதல் வாரமே அதன் கீல்களைப் பார்த்துவிட்டார். சோம்பேறி வேலை. கதவைக் கீல் முளையில் மாட்டியவன், மேலே தடுப்பு வைத்துப் பற்றவைக்கவில்லை. தூக்கினால் கழன்றுவிடும்.

"ஆறு பேர் இருந்தா போதும், தூக்கிக் கடாசிடலாம்" என்றார் அவளிடம்.

"நீங்க தூக்குவீங்க. அவன் மறுநாளே சுவர் கட்டுவான். இது தெருன்னு ஆபீசுல எழுதிக் குடுக்கணும்ங்க. அப்பதான் நிக்கும்."

"எழுதிக் குடுக்கறதுக்குள்ள நமக்கு வயசாயிடும்."

"ஆகட்டும். வேற என்ன வேலை நமக்கு?"

இப்போது மேனேஜர் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரொம்ப வருத்தமான விஷயம் சார். கம்பெனி சார்பா நானே வந்து நின்னுட்டேன். நீங்க சுத்திப் போக வேணாம். இன்னைக்கு மட்டும் நம்ம வழியாவே போங்க."

"யார் வழி?"

"சார்?"

"நம்ம வழின்னீங்களே. யார் வழி?"

மேனேஜர் கூட்டத்தைப் பார்த்தார். "இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு சார்? மனிதாபிமானத்துலதான திறந்து வச்சிருக்கோம்."

"முந்தாநாள் அது எங்க போச்சு?"

வண்டியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"அத்தான், வேணாம். அக்காவ வச்சுக்கிட்டு வேணாம். முதல்ல அவள நல்லபடியா அனுப்பி வச்சிடுவோம். அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் பூட்டிடுவான்."

"பூட்டட்டும் அத்தான். இன்னைக்கு ஒரு நாள்..."

"உங்க அக்காவும் இப்படித்தான் பொறுத்தா." அவர் கையை உதறினார். "உயிரோட போக விடல. பொணமாப் போகலாங்கறான். நான் அவனுக்கு நன்றி சொல்லிட்டுப் போகணுமா?"

அவர் இடது பக்கக் கதவருகே போய்க் கீழ்ச் சட்டத்தில் கை கொடுத்துப் பார்த்தார். கதவு அசைந்தது, எழவில்லை. நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். எல்லா முகங்களும் அழுது வீங்கியிருந்தன. அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க மேனேஜர் மேல் இருந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கூட்டத்துக்குக் கூப்பிட வந்தவளிடம், தலைவலி என்று கதவைச் சாத்தியவர்கள். 'அக்கா இருக்காங்க, பாத்துப்பாங்க' என்றவர்கள்.

"முந்தாநாளிலேருந்து வந்து அழுதீங்க. சரி. அழுதது போதும்," என்றார். "இதத் தூக்க ஆள் வேணும்."

மளிகைக் கடைக்காரர் செருப்பைப் பார்த்தார். யாரோ இருமினார்கள். மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

முதலில் வந்தது மகள்தான். வண்டியிலிருந்து குதித்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் நின்றாள். "எங்க பிடிக்கணும்ப்பா?" என்றாள். அடுத்து மாடி வீட்டு நர்ஸ். மூன்றாவதாக வந்தவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. 'ஊர்வம்பு நமக்கு எதுக்கு' என்று கையெழுத்தைக்கூடத் திருப்பிக் கேட்ட எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கிளார்க். ஒன்றும் சொல்லாமல், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனிந்தார். பிறகு மைத்துனன். பிறகு சட்டையை மடித்து விட்டுக்கொண்டு மளிகைக் கடைக்காரர். அதற்குப் பிறகு பிடிக்க இடம் இல்லாமல் தள்ளிக்கொண்டார்கள்.

"முதுகக் குடுக்காதீங்க. முழங்கால மடக்குங்க," என்றார் பட்டறைக்காரர். பட்டறையில் பேசும் குரல். "நான் சொன்னதும் நேரா மேல. சாய்ச்சா முளையில மாட்டிக்கும். ம்... தூக்கு."

இரும்பு கிறீச்சிட்டது. கதவு முளையை விட்டு வெளியே வந்தது. சுமந்துகொண்டு போய்க் கிடங்குச் சுவரில் சாய்த்தார்கள். இரண்டாவது கதவுக்கு அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கேஸ் ஆகும் சார். எல்லார் மேலயும் ஆகும்," என்றார் மேனேஜர் தூரத்திலிருந்து.

"பேர் எழுதிக்கோங்க," என்றார் கிளார்க் மூச்சு வாங்கியபடி. "இனிஷியல் தப்பாப் போடாதீங்க."

மளிகைக் கடைக்காரர் பட்டறைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார். "நாளைக்குச் சுவர் கட்டினான்னா?"

நர்ஸ்தான் பதில் சொன்னாள். "சாயங்காலம் எல்லாரும் இங்க வாங்க. பேசணும். தலைவலின்னு யாரும் சொல்லாதீங்க."

நாலைந்து பேர் அங்கேயே கேட் இருந்த இடத்தில் தங்கிவிட்டார்கள். பட்டறைக்காரர் வண்டியில் ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்து பெரிய ரோட்டில் திரும்பியது. வெயில் உள்ளே விழுந்தது. மேடுபள்ளத்தில் குலுங்கியதில் அவள் முகத்துப் பக்கம் வெள்ளைத் துணி விலகியிருந்தது. சரி செய்ய அவர் கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கத் துருவும் கிரீஸும். வேட்டியில் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார்.

"நான் பாத்துக்கறேன்ப்பா," என்றாள் மகள். அவள் கையும் அப்படித்தான் இருந்தது.

அப்பாவும் மகளும் கைகளை மடியில் மல்லாத்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். துணி காற்றில் இன்னும் கொஞ்சம் விலகியது.