இரவல் பிள்ளை

பெரிய மனிதர்கள் எதிரே நின்று எதையாவது கேட்டால் பெயிண்டருக்கு ‘முடியாது’ என்ற சொல் தொண்டையைத் தாண்டாது. தலை தானாக ஆடிவிடும். “உங்க கழுத்துல எலும்பு இருக்கா இல்லையா?” என்று அவன் மனைவி கேட்காத நாள் குறைவு. அதற்கும் தலையாட்டுவான்.

அப்போது அவனுக்குக் கன்னியர் மடத்தில் வேலை. பின்பக்கத்துப் பழைய கிடங்கை அநாதைக் குழந்தைகள் இல்லமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒட்டடை தட்டி, சுவரைச் சுரண்டி, இரண்டு கை வெள்ளை அடித்து, கட்டில்களுக்கெல்லாம் வானநீலம் பூசி முடித்திருந்தான். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், மடத்துத் தலைவியான மதர் அவனைத் தேடி வந்தார்.

“பெயிண்டர், நாளைக்கு ஆயர் வராரு. பிள்ளைங்கதான் வரல.”

வேறு ஊர் இல்லத்திலிருந்து வரவேண்டிய பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. இந்தக் கட்டடத்தை அச்சகத்துக்குக் கொடுங்கள் என்று மேலிடத்தில் ஒரு கூட்டம் வேறு மறைமாவட்டத்துத் தலைவரான ஆயரை நச்சரித்துக்கொண்டிருந்தது. காலிக் கட்டில்களைப் பார்த்தால் அவர் மனசு மாறிவிடும் என்று மதருக்குப் பயம்.

“சமையலம்மா பேத்திங்க ரெண்டு பேரையும் அனுப்பறேன்னுட்டாங்க. உங்க பொண்ணும் வந்தா நல்லாருக்கும். கொஞ்ச நேரம் நின்னா போதும்.” சொல்லும்போது மதர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதோ காய்ந்துவிட்ட கட்டில் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் தலை ஆடிவிட்டது.

வீட்டில் இடி விழுந்தது. “குத்துக்கல்லாட்டம் ரெண்டு பேர் உயிரோட இருக்கோம். பிள்ளைய அநாதைன்னு கொண்டுபோய் நிறுத்தப் போறீங்களா?”

“நல்ல காரியத்துக்குத்தானே?”

“நல்ல காரியத்துக்கு உங்க சட்டைய இரவல் குடுங்க. பிள்ளைய ஏன் குடுக்கறீங்க?”

அவன் மகளை வாசலுக்கு அழைத்துப்போய் விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தான். அவளுக்கு வாயாடி என்று பட்டப்பெயர். ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பாள்.

“அப்பா அம்மா இருக்காங்களான்னு கேட்டா?” என்று அவளுக்குப் பரீட்சை வைத்தான்.

“இல்லன்னு சொல்லணும்.”

“என்னைப் பாக்கலாமா?”

“பாக்கக் கூடாது. பாத்தா நான் அவுட்டு.” சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். இதில் தப்பு ஒன்றுமில்லை என்று அந்தச் சிரிப்பே சொன்னதுபோல் அவனுக்கு இருந்தது. மனசாட்சி தூங்க வேண்டுமென்றால் மனிதனுக்கு எந்தத் தாலாட்டும் போதும்.

விழாவன்று மகளைச் சமையலம்மாவோடு முன்னால் அனுப்பிவிட்டு, அவன் ஒன்றும் தெரியாதவன்போல் பிரஷ்ஷோடு படியோரம் நின்றான். வெள்ளைக் கவுனில், வகிடெடுத்து வாரிய தலையோடு அவள் நின்றது அவனுக்கே யாரோ பெற்ற பிள்ளையாகத் தெரிந்தது. அவள் ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. ‘கெட்டிக்காரி’ என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான்.

படியேறிய ஆயர் கைப்பிடிக் கம்பியைப் பற்றினார். காலையில் அடித்த பச்சை பெயிண்ட் இன்னும் காயவில்லை. உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டது. மதருக்கு முகம் வெளுத்தது. பெயிண்டர் மண்ணெண்ணெய்த் துணியோடு பாய்ந்து போய் ஆயரின் கையைப் பிடித்துத் துடைக்கத் தொடங்கினான். பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவன் மகள் நின்றாள்.

ஆயர் நல்ல மனிதர். கோபப்படாமல் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். “உனக்கு அப்பா அம்மா இருக்காங்களாம்மா?”

“இல்ல” என்றாள் வாயாடி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே.

ஆயரின் கண் கலங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் திரும்பினார். “உனக்குப் பிள்ளைங்க இருக்காப்பா?”

இதற்கு அவனை யாரும் தயார் செய்திருக்கவில்லை. இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஊரில் பிள்ளை பெற்றவன் அவன் ஒருவன்தானா? ஆனால் அவர் பெரிய மனிதர், கேள்வி நேரே வந்தது, எங்கே குட்டு உடைந்துவிடுமோ என்று பட்டது.

“இல்லீங்க சாமி” என்றான்.

விளையாட்டின் விதியை மீறி மகள் திரும்பி அவனைப் பார்த்தாள். ஒரே பார்வை. பிறகு பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவன் துணியை இறுக்கிப் பிடித்தபடி, பச்சை போன பிறகும் ஆயரின் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“இந்த இல்லம் நடக்கட்டும். அச்சகத்துக்கு வேற இடம் பாத்துக்கலாம்” என்றார் ஆயர். எல்லோரும் கை தட்டினார்கள்.

விழா முடிந்ததும் மதர் அவனிடம் வந்தார். “என்னை மன்னிச்சிருங்க பெயிண்டர். அந்தக் குழந்தைய பொய் சொல்ல வெச்ச பாவம் என்னோடது. நாளைக்கே ஆயர்கிட்ட போய் உண்மையச் சொல்லிடறேன், நடக்கறது நடக்கட்டும்.” அந்த அம்மாளுக்குத் தன் பாவத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருந்தது. இவன் சொன்னது யார் கணக்கில் சேரும்? வழக்கம்போல் தலையாட்டினான்.

மகளைச் சைக்கிளில் உட்காரவைக்கப் போனான். நடந்தே வருகிறேன் என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

“விளையாட்டு முடிஞ்சுதும்மா. இப்ப அப்பாவைப் பாக்கலாம்.”

அவள் பார்க்கவில்லை. ஒன்பது கேட்கிற பிள்ளை ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் சொல்லியிருப்பான். கேட்டால்தானே?

தெருமுனை திரும்பியதும் அவள் ஓட்டமாக ஓடி வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே மனைவியின் குரல் கேட்டது.

“வந்துட்டியாடி கண்ணு? அப்பா எங்க?”

“பெயிண்டர் வெளிய நிக்கறாரு” என்றாள் மகள்.

மனைவி அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றான்.