பன்னிரண்டாவது கம்பி

பன்னிரண்டாவது கம்பியை நிமிர்த்தும்போது அது முறிய, பார்த்தீபன் பின்பக்கமாக விழுந்தான். விழுந்த நோவைவிட அந்தச் சத்தம்தான் அவனைக் குழப்பியது. இருபது வருடமாகக் கம்பி வேலை செய்கிறவன். கம்பி வளையும், நெளியும், அடம்பிடிக்கும். இப்படிக் காய்ந்த தடி மாதிரி 'டக்' என்று முறிந்து அவன் கண்டதில்லை. கையில் இரும்புப் பைப்பும் பைப்புக்குள் முறிந்த கம்பியுமாக, பண்டத்தரிப்பில் கனகரத்தினம் மாஸ்டர் வீட்டு மொட்டைமாடியில் வெயிலைக்கூட உணராமல் இருந்தான்.

அந்த வீடு ஏழு வருடமாக மேல்மாடிக்காகக் காத்துக்கிடந்தது. தூண்களின் தலையில் கம்பிகளை நீட்டிவிட்டு, வெளிநாட்டில் இருக்கிற மகன் மனம் வைக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இங்கே வழக்கமான கட்டட முறைதான். இடையில் மாஸ்டரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாடியில் தகரப்பந்தல் போட்டுப் பந்தி வைக்கவேண்டும். வருகிறவர்களின் சேலையில் கம்பி கொழுவக்கூடாது. அப்போதும் பார்த்தீபன்தான் வந்தான். பைப்பைக் கொழுவி ஒவ்வொரு கம்பியையும் அடியோடு மடித்துத் தரையில் படுக்கவைத்தான். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. கம்பியை வெட்டாமலே பந்தலுக்கு இடம் எடுத்துத் தருகிற கெட்டிக்காரன் என்று அன்று எடுத்த பேர் இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது மகன் மனம் வைத்துவிட்டான்; மேல்மாடிக்குக் கம்பிகளை நிமிர்த்தவேண்டும். நிமிர்த்துவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. அன்று ஒரு கையால் மடித்த கம்பிக்கு இன்று உடம்பு முழுவதையும் கொடுக்கவேண்டி வந்தது. மடித்த இடம் அசையவே மாட்டேன் என்றது; அதற்குச் சற்று மேலேதான் வளைந்து கொடுத்தது. நிமிர்ந்த பிறகும் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கூன் மிஞ்சியது. காலையில் தேத்தண்ணியோடு மேலே வந்த மாஸ்டரிடம், "இரும்பு இறுகிப்போய்க் கிடக்குது மாஸ்டர். முந்தியைவிட இப்ப வலு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். பொய் இல்லை. அவனுடைய தோள்மூட்டே அதற்குச் சாட்சி. வலுத்துப்போன சாமான் பிறகு ஏன் முறிந்தது?

சத்தம் கேட்டு மாஸ்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்டுதானே தம்பி. பக்கத்திலை புதுக்கம்பி ஒண்டை வைச்சு வெல்டிங் பிடிச்சு விடு."

"மிச்சப் பதினொண்டு?"

"அது நிமிந்து நிக்குதே. நிக்கிறதைப் போட்டு ஏன் யோசிக்கிறாய்?"

அவன் யோசித்தது அந்தப் பதினொன்றையும் அல்ல. சாவகச்சேரியில், தங்கச்சி தக்சாயினியின் வீட்டில், இருபத்துநாலு கம்பி. அங்கேயும் புதுவீட்டுக் குடிபூரலுக்கு மாடியில் பந்தல் போட்டார்கள், அங்கேயும் அவன்தான் மடித்தான், நாலு வருடம் கழித்து அவன்தான் நிமிர்த்தினான். ஒன்றுகூட முறியவில்லை. அதன்மேல் கொங்கிறீட் போட்டு, மேல்மாடி கட்டி, அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி ஏற்றி, இப்போது பிள்ளைகள் அங்கேதான் படுக்கிறார்கள்.

பிரதேச சபையில் தொழில்நுட்ப அலுவலராக இருக்கும் சுபாஸுக்குப் போன் எடுத்து, தங்கச்சி வீட்டுக் கம்பிகளைப் பற்றிக் கேட்டான்.

"வளைச்சா இரும்பு இறுகும் அண்ணை. பலம் கூடும். ஆனா இழுபடுற குணம் குறைஞ்சுபோம்" என்றான் சுபாஸ்.

"அப்ப நல்லதோ, கூடாதோ? ஒண்டைச் சொல்லு."

"இழுபடுற கம்பியெண்டா முறியிறதுக்கு முதல் நீளும், வெடிப்புக் காட்டும். இது சொல்லாமல் முறியும். வட்டமா வளைச்சனீங்களோ, ஒரேயடியா மடிச்சனீங்களோ? எத்தினை தரம்?"

அவனுக்கு ஞாபகமில்லை. பந்தல்காரன் அவசரப்படுத்தியது மட்டும் ஞாபகம் இருந்தது.

"அப்ப பாக்காமல் சொல்லேலாது அண்ணை. நிக்கவும் கூடும்."

நிக்கவும் கூடும். இதைக் கேட்பதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். போனை வைத்துவிட்டு, குறடு எட்டாத தூரத்தில் கிடந்ததால், கம்பிகளைப் பிணைக்கிற மெல்லிய கட்டுக்கம்பியை வழக்கம்போலக் கையாலேயே முன்னும் பின்னும் மடித்தான். ஐந்தாவது மடிப்பில் முறிந்தது. முறிந்த முனை விரலைச் சுட்டது. ஒரு நாளைக்கு நூறு தரம் செய்கிற வேலை. மெல்லிய கம்பியை முறிக்க இதுதான் வழி என்று தெரிந்தவனுக்கு, தடித்த கம்பியும் அதே இரும்புதான் என்று இருபது வருடமாகத் தோன்றவில்லை. அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது; அதைவிடப் பயம் வந்தது. கட்டுக்கம்பியில் இன்னொரு துண்டை முறித்து, ஒரே ஒரு தரம் மடித்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுதுபட இன்னும் நேரம் இருந்தது. தக்சாயினி மேல்மாடியில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கட்டிலிலிருந்து தரைக்குக் குதித்துக் குதித்து விளையாடினார்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் அவன் தூணைப் பார்த்தான். தூணின் அடியில் குந்தி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வழுவழுப்பான பூச்சு, மாம்பழ மஞ்சள் பெயின்ற். ஒரு மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. காலையில் என்றால் அதைப் பார்த்து நிம்மதிப்பட்டிருப்பான்.

"என்ன அண்ணை, வந்ததும் வராததுமாத் தூணைத் தடவுறியள்?"

"இண்டைக்கு எல்லாரும் கீழை படுங்கோ."

"ஏன்?"

"சொல்லுறன். இண்டைக்குக் கீழை படுங்கோ."

"நாளைக்கு?"

தூணை உடைத்துப் பார்க்கச் சொல்வதா? உடைத்தால் அதுவரை நின்றதும் விழுமோ? நல்லாய் இருந்தால் வீட்டை வீணாக உடைத்த பாவம், இல்லாவிட்டால்... அதற்குமேல் நினைக்க மனம் மறுத்தது. கெட்டிக்கார அண்ணை கட்டின வீடு என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். உடுப்பை மடித்த கை அப்படியே நிற்க, அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் ஆரணி ஓடிவந்து அவனுடைய சட்டைப்பைக்குள் கையை விட்டாள். இனிப்புக்குப் பதிலாகக் கம்பிதான் கிடைத்தது. ஜன்னலோரம் இருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதை நிமிர்த்தினாள்.

"மாமா, பாருங்கோ! நேராக்கிப்போட்டன்."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கம்பி நேராகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்னக் கூன். விரலால் அழுத்தினான், போகவில்லை. அவள் எழுந்து மறுபடி கட்டிலில் ஏறி, கைகளை விரித்துக்கொண்டு, குதிக்கத் தயாராக நின்றாள்.