மாற்று வேட்பாளர்

ஜெராக்ஸ் அக்கா இதுவரை நான்கு தேர்தல்களில் வேட்புமனு தாக்கல் செய்திருக்கிறாள். நான்கிலும் மூன்றே நாளில் வாபஸ் வாங்கியிருக்கிறாள். மாற்று வேட்பாளரின் வேலையே அதுதான். கட்சியின் அசல் வேட்பாளருடைய மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியாகிவிட்டால் சின்னம் அநாதையாகிவிடக் கூடாதே என்று கூடவே இன்னொரு மனுவையும் போட்டு வைப்பார்கள். அசல் மனு ஏற்கப்பட்டதும் மாற்று ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு டீயும் ஒரு கும்பிடும் கிடைக்கும். டீ சில சமயம் ஆறிப்போயிருக்கும்.

சந்தைத் தெருவில் பதினாறு வருடமாக அவளுக்கு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் கடிகாரம், அவ்வளவுதான் கடை. ஆனால் ஊரில் எந்த விண்ணப்பமும் அந்த மேசையைத் தாண்டாமல் எந்த ஆபீசுக்கும் போனதில்லை. பிறப்புச் சான்றிதழோ இறப்புச் சான்றிதழோ, "கையெழுத்து மட்டும் உங்களுது, மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். அவள் எழுதிய படிவம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. டவுன் பஸ் ஓட்டும் அவள் புருஷன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்சிக்காரர். அவர்தான் இந்த மாற்று வேட்பாளர் வேலையை அவள் தலையில் கட்டியவர்.

அவளுக்குக் கட்சியிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கழிப்பறை. சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? அவளுக்கு அந்தக் கூச்சம் போய் வெகுநாளாகிவிட்டது. சந்தைத் தெருவில் வேலை செய்கிற பெண்கள் நாற்பது பேருக்கு மேல். விடிந்ததும் வந்தால் சாயங்காலம் வீடு போய்ச் சேர்கிறவரை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு முற்றி அவள் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாயிற்று.

"தண்ணி குடிங்கம்மா, நிறைய குடிங்க" என்றார் டாக்டர்.

"குடிச்சிட்டு எங்க டாக்டர் போறது?"

டாக்டர் அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கழிப்பறை இல்லாமலும் இல்லை. தெருக்கோடியில் நகராட்சி கட்டி, நீலப் பெயின்ட் அடித்து, மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. காரணம் கல்வெட்டு. நகராட்சித் தலைவரும், கட்டட, குடிநீர் வேலைகளைக் கவனிக்கிற பணிக்குழுவின் தலைவரும் ஒரே கட்சி, ஒரே குடும்பமும்கூட. தலைவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பிதான் பணிக்குழுத் தலைவர். ஊரே இவர்களை அத்தான், மச்சினன் என்றுதான் சொல்லும். திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயர் மேலே என்பதில் ஆரம்பித்த சண்டை, கட்சியை இரண்டாகக் கிழித்துவிட்டது. அத்தான் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சாவி அவர்கிட்ட இருக்கலாம், தண்ணி கனெக்‌ஷன் என் கையில" என்று மச்சினன் பிடிவாதமாக நின்றார். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அம்மாள், புருஷனுக்கும் தம்பிக்கும் தனித்தனி நேரத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சந்தைத் தெரு வார்டுக்கு அத்தான் தன் கார் டிரைவரை நிறுத்தினார். மச்சினன் தன் பள்ளித் தோழனை நிறுத்தினார். தலைமைக்கு இருவரும் வேண்டியவர்கள். யாரையும் பகைத்துக்கொள்ள முடியாமல், இருவருக்குமே கடிதம் கொடுத்து, கடைசியில் களத்தில் நிற்கிறவருக்குச் சின்னம் என்று எழுதிவிட்டது. இரண்டு கோஷ்டியும் ஒத்துப்போன ஒரே விஷயம் மாற்று வேட்பாளர். அந்த இடத்தில் இரண்டு கடிதத்திலும் ஜெராக்ஸ் அக்காவின் பெயர்தான்.

வழக்கமாக எல்லா மனுவையும் அவள்தான் நிரப்புவாள். இந்த முறை இரண்டு பக்கமும் அவளிடம் வெற்றுப் படிவத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். தங்கள் படிவத்தை எதிர்க்கோஷ்டி பார்த்துவிடக் கூடாதாம். ஒரு மனுவுக்கு வார்டு வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். யாருக்குப் பெரிய மனிதர்கள் ஆதரவு என்று காட்ட வேண்டுமல்லவா? மாவுமில்காரர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று வார்டின் பத்துப் பெரிய தலைகளிடம் அத்தான் ஆள் காலையில் கையெழுத்து வாங்கினார். அதே பத்துத் தலைகளிடம் மச்சினன் ஆள் மத்தியானம் வாங்கினார். பெரிய மனிதர்கள் யாரிடம்தான் மாட்டேன் என்பார்கள்? இரண்டிலும் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்கள்.

ஜெராக்ஸ் அக்காவுக்கு முன்மொழிய மீன்கார அக்காவும், கீரைக்காரியும், தையல் மெஷின் போட்டிருக்கிற இரண்டு பெண்களும், இன்னும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பரிசீலனை அன்று அத்தான் கோஷ்டியின் வக்கீல்தான் முதலில் எழுந்தார். ஒருவர் ஒரு மனுவுக்குத்தான் முன்மொழியலாம், எதிராளி மனுவில் இருக்கிற பத்துப் பேரும் வேறு மனுவிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், தள்ளுபடி செய்யுங்கள் என்றார். எந்த வேறு மனு என்று தேர்தல் அதிகாரி கேட்டபோதுதான் அது தன் பக்கத்து மனுவே என்பது அவருக்குப் புரிந்தது. மச்சினன் கோஷ்டி வக்கீல் துள்ளி எழுந்து அதே குறையை அந்தப் பக்கமும் சொன்னார். அதிகாரி இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விதிப்படி இரண்டிலும் அந்தக் கையெழுத்துகள் செல்லாது. இரண்டையும் தள்ளினார். மூன்றாவது படிவத்தைப் புரட்டினார்.

"இது யாரு எழுதினது? ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்ல" என்றார். "ஏற்கப்பட்டது."

அன்று சாயங்காலமே அத்தான் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாபஸ் வாங்கிடும்மா. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"அப்போ நம்ம கட்சிக்கு ஆளே இல்லாமப் போயிடுமே?"

"போனாப் போகுது. நீ ஜெயிச்சா அவன் உன்னைத் தன் பக்கம் இழுத்துடுவான். அதுக்கு எதிர்க்கட்சிக்காரனே வந்து தொலைக்கட்டும்."

மறுநாள் காலையில் மச்சினன் வந்தார். அவரும் அச்சு அசலாக அதையே சொன்னார். நான் வந்தது அத்தானுக்குத் தெரிய வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கட்சி வார்டு போவதில் இருவருக்கும் வருத்தமே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருடம் கொடி கட்டிய தன் புருஷனை நினைத்துக்கொண்டாள். அந்த மனுஷனோ வீட்டில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பெரியவங்க சொல்றாங்க, கேட்டுக்கோயேன்" என்றார்.

"கேட்டுக்கிறேன். அவங்களும் நான் கேக்கிறதக் குடுக்கட்டும்."

இருவருக்கும் ஒரே பதில்தான் சொல்லி அனுப்பினாள். நாளைக்கு மூன்று மணியோடு வாபஸ் நேரம் முடிகிறது. ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் கடைக்கு வரட்டும். ஒருத்தர் சாவியைக் கொண்டுவரட்டும், இன்னொருத்தர் தண்ணி விடச் சொல்லிக் கடிதம் கொண்டுவரட்டும். அந்த நிமிஷமே வாபஸ்.

வந்தார்கள். அத்தான் சாவி கொண்டுவந்திருந்தார், மச்சினன் கடிதம். வாபஸ் படிவத்தை அவள் தன் கையாலேயே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு மேசைமேல் வைத்திருந்தாள். தேர்தல் அலுவலகம் எதிர்ச் சாரியில்தான். அவள் ஏமாற்றவில்லை. அந்தச் சாவி மேசைக்கு வந்திருந்தால் சத்தியமாகக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"சாவி தர்றேன். ஆனா திறக்கும்போது கல்வெட்டுல என் பேருதான் மேல" என்றார் அத்தான்.

"அப்போ இந்தக் கடிதம் என் பையிலயே இருக்கட்டும்" என்றார் மச்சினன்.

"உங்க அக்கா முகத்துக்காகத்தான்டா உன்னை விட்டு வச்சிருக்கேன்."

"எங்க அக்கா இல்லேன்னா உங்கள யாரு சீண்டியிருப்பா?"

பிறகு கல்யாணச் செலவு, கார் வாங்கிய கதை, யார் யாருக்குக் கட்சியில் இடம் வாங்கிக் கொடுத்தது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஜெராக்ஸ் அக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் ஒரே குரலில், "முதல்ல நீ கையெழுத்தப் போடும்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள்.

"சாவி?" என்றாள்.

அத்தான் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் அத்தானைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தார்கள்.

மூன்று மணி அடித்தது. அவள் பேனாவை மூடினாள். "போய்ட்டு வாங்க, கடையில ஆள் நிக்கிறாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கட்சியில் யாரும் அவளுக்காக ஓட்டுக் கேட்டு வரவில்லை, புருஷனைத் தவிர. அவரும் டியூட்டி இல்லாத நேரத்தில்தான். எதிர்க்கட்சி வேட்பாளரோ, இவர்கள் அடித்துக்கொண்டு சாகிறார்கள், நமக்கென்ன கவலை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவள் கடை கடையாக ஏறினாள். பேசியது ஒரே விஷயம்தான். நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டு எண்ணியபோது இருபத்து மூன்று ஓட்டில் ஜெயித்திருந்தாள். நாடாளுமன்றத் தேர்தலில் இருபத்து மூன்று ஓட்டு யார் காதில் விழும்? இங்கே அந்த இருபத்து மூன்று பேருடைய முகமும் அவளுக்குத் தெரியும் போலிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கவுன்சிலர்கள் கூடி நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரவர் வார்டில் ஜெயித்துவிட்டு அத்தானும் நிற்கிறார், மச்சினனும் நிற்கிறார், இருவருக்கும் சரிக்குச் சரி ஆள். தொங்கிக்கொண்டிருந்தது ஜெராக்ஸ் அக்காவின் ஒரு ஓட்டு. ஒரே நாளில் அவள் தங்கமானவள் ஆகிவிட்டாள். கல்வெட்டே வேண்டாம் என்று அத்தான் சொல்ல, எனக்கும் வேண்டாம் என்று மச்சினன் சொல்ல, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பது என்று முடிவாயிற்று.

சந்தைத் தெருப் பெண்கள் வியாபாரத்தை அப்படி அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். பூட்டில் துரு ஏறியிருந்ததால் எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்தது. உள்ளே வெள்ளை டைல்ஸ், நான்கு அறை, நான்கு கதவு, கைகழுவப் பீங்கான் தொட்டி. டைல்ஸ்மேல் ஒட்டிய காகிதம்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. ஜெராக்ஸ் அக்கா குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை. கொஞ்சம் இழுத்தாள். குழாய் கையோடு வந்துவிட்டது. பின்னால் சுவர்தான் இருந்தது. பைப்பே போடவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கழிவுத் தொட்டியும் இல்லை. குழிகூட யாரும் தோண்டவில்லை. புல் முளைத்திருந்தது.

மூன்று வருடம் சாவிக்கும் தண்ணீருக்கும் சண்டை போட்டவர்களில் ஒருவர்கூட ஒரு தடவை உள்ளே வந்து பார்த்ததில்லை.

"அது பணிக்குழு வேலை" என்றார் அத்தான்.

"பூட்டிட்டு உள்ளயே விடாதது யாரு?" என்றார் மச்சினன்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கையிலிருந்த குழாயை இருவர் முகத்திலும் விட்டெறியலாமா என்றிருந்தது. இத்தனை பெண்கள் மூன்று வருடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்த நாலு சுவருக்காகவா? அழுகை வந்துவிட்டது. அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய் இரண்டு தாள் எடுத்தாள். பைப், மேல்தொட்டி, கழிவுத் தொட்டி, எத்தனை அடி, எத்தனை மாதம் என்று புருஷனுடைய பஸ் டிப்போவில் கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். நான் தலைவரானால் முதல் தீர்மானம் இதுதான் என்று கடைசி வரி. ஒரு தாளில் அத்தான் கையெழுத்து, இன்னொன்றில் மச்சினன் கையெழுத்து வாங்கினாள். இரண்டையும் நாற்பத்தைந்து நகல் எடுத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஒரு ஓட்டில் மச்சினன் ஜெயித்தார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். முதல் தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது. அத்தானும் கை தூக்கினார். அவர் தாளும் தெருவில் இருந்ததே.

மறுநாள் காலை மீன்கார அக்கா கடை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன கவுன்சிலரம்மா, எப்போதான் திறப்பீங்க?"

"ஆறு மாசம் ஆகும்க்கா. குழி தோண்டுறதுல இருந்து ஆரம்பிக்கணும்."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். மீன்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம்னா, எந்தத் தேதி?"

ஜெராக்ஸ் அக்கா நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு நாள் தள்ளிப்போனாலும் இங்கதான் வந்து நிப்பேன், சொல்லிட்டேன்."

"வாங்க. நான் வேற எங்க போகப் போறேன்?"

மத்தியானத்துக்குள் தையல் மெஷின்காரிகள், கீரைக்காரி, இன்னும் பன்னிரண்டு பேர் வந்து அதையே கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.