மீன் போட்ட பாதி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பீட்சா கடையின் பின்வாசலில். மாவு மூட்டையை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அடுப்பில் நிற்கிற மாஸ்டர் வெளியே வந்து தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, சுவரிடம் சொல்வதுபோல, "அவ மீனைத் தின்னுட்டாப்பா" என்றார்.

"யாரு மாஸ்டர்?"

"என் வீட்டுக்காரிதான்."

அதற்கப்புறம் அவர் சொன்னது ஐந்தாறு வாக்கியம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? என் சட்டியில் இருந்தது அவ்வளவுதான். மீதியை நானே கிண்டிச் சேர்த்தேன். எது அவருடையது, எது என்னுடையது என்று கேட்காதீர்கள். எனக்கே கலந்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வாழ்க்கையும் பீட்சாவும் ஒன்று. இரண்டும் வட்டம். இரண்டையும் பங்கு போடும்போதுதான்..."

(அடித்துவிட்டேன். பங்கு போடும்போதுதான் என்ன? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.)

பிறகு இப்படி: "வெளியே மழை பெய்துகொண்டிருந்த ஒரு..."

(மழையைப் பற்றி மாஸ்டர் மூச்சு விடவில்லை. கதைக்காக மழையைக் கொண்டுவந்தால் அது கதைக்குள்ளேயே ஒழுகும். இதையும் அடித்தேன். எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்த பிறகு. ஒரு வரியை அடிப்பது, இறக்கிய மூட்டையைத் திரும்பவும் ஏற்றுவதுபோல வலிக்கிறது.)

சரி, சண்டையிலிருந்து தொடங்குகிறேன். சண்டை எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

3

ஒருவருக்குக் காகிதம்போல மெல்லிசாக வேண்டும். இன்னொருவருக்குத் தலையணைபோல உப்பலாக வேண்டும். அன்னாசிப்பழம் இல்லாவிட்டால் அது பீட்சாவே இல்லை என்று ஒருவர் சொல்வார். அன்னாசியைப் போட்டவன் கை விளங்காது என்று பக்கத்து மேசைக்காரர் சாபம் கொடுப்பார். மாஸ்டர் இருபக்கமும் தலையாட்டுவார். ஊர் நாக்கையெல்லாம் சமாளித்த மனிதரால் வீட்டு நாக்கை மட்டும் வெல்ல முடியவில்லை.

அவருக்கு வெங்காயத்தோடு உப்பில் ஊறிய குட்டி மீனைப் போட்டு வதக்கவேண்டும். அவர் மனைவிக்கு வெங்காயம் மட்டும், இனிப்பு ஏறும்வரை வதங்கியது. மீன் வாடையே ஆகாது.

"வெறும் வெங்காயத்தில என்ன இருக்கு? ஜாம் தடவின ரொட்டி மாதிரி. நாக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும்."

"மூக்குன்னு ஒண்ணு இருந்தா உங்களுக்கும் தெரியும். நனைஞ்ச வலையை வீட்டுக்குள்ள காயப் போட்ட மாதிரி இருக்கு. முதல்ல ஜன்னலைத் திறங்க."

"திறந்தா பக்கத்து வீட்டுக்காரனும் பங்குக்கு வந்துடுவான்."

"வரட்டும். உங்க பாதியை அப்படியே தூக்கிக் கொடுத்துடறேன்."

மதியக் கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் ஒரே வட்டத்தில் இரண்டு பாதியாகச் செய்து வீட்டுக்கு எடுத்துப்போவார். அடுப்புச் சூட்டில் மீன் கரைந்து வெங்காயத்தோடு ஒன்றாகிவிடும். மேலே சீஸ் வேறு மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்தால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் மீன் பாதியின் ஓரத்தில் ஒரு கறுப்பு ஆலிவ் காய் வைப்பது கடை வழக்கம். மனைவி பெட்டியைத் திறந்ததும் ஆலிவைத் தேடி, அந்தப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பிவிட்டுத்தான் உட்காருவாள்.

4

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் நாக்கு செத்துப்போனது. "எல்லாம் அட்டையைக் கடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். மோப்பமும் போயிற்று. "சாப்பாடு உள்ளே போகலேன்னா மருந்தை உடம்பு தாங்காதும்மா" என்று நர்ஸ் எச்சரித்தாள். இரண்டு வாய்க்குமேல் அவளால் முடியவில்லை. மாஸ்டர் கெஞ்சினார், திட்டினார், ஊட்டிவிடப் பார்த்தார்.

பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்: "என்னங்க, ருசி திரும்பிடுச்சு."

அன்று ஒரு முழுத்துண்டு தின்றாள். மாஸ்டர் கடையில் எல்லாருக்கும் சொன்னார். எனக்கும் சொன்னார். கடைக்காரம்மா, "அப்போ இனி உங்க மூஞ்சியைக் காட்டியே மாவைப் புளிக்க வைக்க மாட்டீங்க" என்று சிரித்தாள்.

(இந்த மனைவியை நான் முழுதாக நம்பவில்லை. முதல் வரைவில் அவளைத் தெய்வமாக எழுதியிருந்தேன். தெய்வத்துக்குப் பசிக்காது, அதனால் கதை படுத்துவிட்டது. இப்போது இப்படி நினைக்கிறேன்: தினமும் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகத்தை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பொய் சொன்னால் அந்த முகம் கொஞ்சம் தளரும். சொன்னாள். சொன்ன பிறகு, அதைக் காப்பாற்றத் தின்றே ஆகவேண்டியிருந்தது.)

5

அதற்குப் பிறகு ஒரு நாள், மாஸ்டர் கடைக்காரம்மாவோடு வாயடித்துக்கொண்டே வேலை செய்தார். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆலிவ் பாதி மாறி உட்கார்ந்துவிட்டது.

வீட்டில் அவள் வழக்கம்போலப் பெட்டியைத் திருப்பினாள். மாஸ்டர் தன் துண்டைக் கடித்தார். இனித்தது. மீன் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் பாதித் துண்டைத் தின்று முடித்திருந்தாள்.

"என்ன முழிக்கிறீங்க? முள்ளு மாட்டிக்கிச்சா?"

"இல்லே. எப்படி இருக்கு?"

"இன்னிக்கி வெங்காயம் நல்ல பதம். இனிப்பா இருக்கு."

"வாடை ஏதும்..."

"உங்க பக்கந்தான் நாறுது. ஜன்னலைத் திறங்க."

மாஸ்டர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து உட்கார முகம் வேண்டுமே. அது வரும்வரை தெருவைப் பார்த்தபடி நின்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் மறைத்தாள். தினமும் ஒவ்வொரு வாயாக மென்று மறைத்தாள்.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவது: அவர் சொல்லிவிடுகிறார். "எனக்குத் தெரியும்மா." அவள் அழவில்லை. கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "அப்பாடா" என்றாள். "அப்போ இனி சாப்பிட வேண்டாம் இல்லே?" அதற்கு அவர்...

(இதற்குமேல் எழுத வரவில்லை. அந்த "அப்பாடா"வை எழுதியதும் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.)

இரண்டாவது: ருசி நிஜமாகவே திரும்புகிறது. ஒரு மதியம் அவள் முகம் சுளித்து, "சீ, மீன்!" என்கிறாள். (நாலு வரி எழுதினேன். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மறுநாள் மூட்டை இறக்கப் போனபோது மாஸ்டரின் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

மூன்றாவது: அவர் ஒன்றும் சொல்வதில்லை. "ஜாம் தடவின ரொட்டி" என்று வம்புக்கு இழுக்கிறார். "நனைஞ்ச வலை" என்று அவளும் திருப்பிக் கொடுக்கிறாள். அவள் பொய்க்குள் அவள் தனியாக, அவர் பொய்க்குள் அவர் தனியாக. நடுவில் ஒரு பெட்டி. இது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு மனுஷியை அப்படித் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி முற்றுப்புள்ளி வைப்பேன்?

7

கடைசியில் அவரிடமே கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்களைப் பத்தி ஒரு கதை எழுதறேன்."

"எழுது, எழுது. தலையில கொஞ்சம் முடி வை."

"வைக்கிறேன். முடிவு என்ன வைக்கட்டும்?"

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். கை மட்டும் நின்றுவிட்டது.

"நீ எழுதினா எழுதினபடி நடக்குமாப்பா?"

"கதைக்குள்ள நடக்கும்."

மாவை ஒரு தடவை புரட்டினார். "அப்போ அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற இடத்திலேயே நிறுத்திடு."

அதனால் நிறுத்துகிறேன். அவள் கையில் ஒரு துண்டு இருக்கிறது. மென்றுகொண்டிருக்கிறாள். எதிரே அவர் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்வதா, வேண்டாமா என்பது இனி உங்கள் பாடு. என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள்.

ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் வாயில் இருப்பதை அவள் விழுங்கட்டும்.